ஜானின் கொசு வண்டி

என் வீட்டுக்காரர் ஜானுக்கு உட்காரத் தெரியாது. சோறு போட்டால் தட்டைக் கையில் ஏந்தி, நடந்துகொண்டே சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தால், இவர் எழுந்து போய்ச் சுவரிலிருக்கும் மின்விசிறி ஏன் கடகடக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு தடவை நாங்கள் எல்லாரும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும்போது விசிறியின் கூண்டு இவர் கையில் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. போதகரோ, போகட்டும் ஷீபா, சத்தம் நின்றுவிட்டதே என்று சிரித்தார்.

உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் தெரு. நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஜான் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் மாகறல் வரைக்கும் எந்தக் கழனியில் எங்கே சேறு, எங்கே மேடு என்று கேட்டால் நிலத்துக்காரர்களைவிட இவர் சரியாகச் சொல்லுவார். அறுப்புக் காலத்தில் மனுஷன் தங்கம். பகலெல்லாம் மிஷின் மேல் இருந்துவிட்டு, தூசியும் நெல் சுணையுமாக வருவார், குளிப்பார், படுத்ததும் தூங்கிவிடுவார். சித்திரையில் நவரை அறுப்பு முடிந்து மிஷினைக் கொட்டகையில் விட்டார்களோ இல்லையோ, எனக்குப் பேஜார் ஆரம்பித்துவிடும்.

கடையில் வாங்கிய பொருள் எதுவும் கடையில் வாங்கின மாதிரியே எங்கள் வீட்டில் தங்காது. மிக்ஸியைப் பிரித்து என்னவோ செய்தார். இப்போது சட்னி அரைத்தால் பாதி மூடியில்தான் இருக்கும். என் தையல் மிஷினுக்கு எங்கிருந்தோ ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். மிதித்த மிதியில் அது என் விரலையும் சேர்த்துத் தைக்கப் பார்த்தது. அன்றைக்கு நான் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினேன்.

"இனிமே என் மிஷினைத் தொட்ட, பாத்துக்கோ."

"நல்லா ஸ்பீடா தானே ஓடுது? நீ தான் கொஞ்சம் கையை சீக்கிரம் எடுக்கணும்" என்றார். இவரோடு எப்படிப் பேசுவது, சொல்லுங்கள்.

இந்த லட்சணத்தில்தான் அந்த வண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. அறுப்பு இல்லாத ஒரு மாதத்தில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியின் கொரியாக்காரருக்கு இவர் ஆக்டிங் டிரைவராகப் போனார். அந்த மனுஷன் ஊருக்குத் திரும்பும்போது, பெட்டி பிரிக்காத ஒரு ரிமோட் வண்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு சட்டைத் துணி கொடுத்திருந்தால் நான் இன்னும் நன்றாக வாழ்த்தியிருப்பேன்.

பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நெல் தூற்றும் முறம் அளவுக்கு நீளம், குட்டிப் பூசணி அளவுக்கு நாலு டயர். நடுவில் நிஜமான எஞ்சின். பெட்ரோல் ஊற்றினால் ஓடாது. நைட்ரோ என்று ஒரு எரிபொருள், சென்னையிலிருந்து டின்னில் வரவேண்டும். கயிற்றைச் சுண்டி இழுத்தால் உயிர் வரும். வந்ததும் ஒரு சத்தம் போடும் பாருங்கள், உலகத்திலுள்ள கொசுவெல்லாம் என் காதுக்குள் புகுந்த மாதிரி இருக்கும். தெருவில் எல்லாரும் கொசு வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னா ஜானு, கொசுவுக்கு நாஷ்டா போட்டியா?" என்று போகிற வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். இவருக்கு அதில் பெருமை வேறு.

பெட்டியில் வந்த மாதிரியே அதை ஓட்டியது முதல் சில நாட்கள்தான். புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்று போனில் பார்த்துவிட்டு, அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். டயரைத் தாங்கும் பிளாஸ்டிக் கைகளைக் கழற்றி அலுமினியக் கைகள் போட்டார். பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குப் பதில் இரும்பு. ஷாக் அப்சார்பரில் இருந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுக் கெட்டி எண்ணெய் நிரப்பினார். குதித்தால் டயர் அமுங்குகிறதாம். உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமாம். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் மெத்தையின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கிறது. பேரிங்குகள் என் குழம்புக் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. வீடு முழுக்க ஆமணக்கெண்ணெய் தீய்ந்த மாதிரி ஒரு வாடை. சைலன்ஸர் குழாயை மாற்றினார், கிளட்சில் பெரிய பல்சக்கரம் வைத்தார், காற்று வடிகட்டியை மாற்றினார். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு வறண்ட ஏரிக்குள் கொண்டுபோய் ஓட்டுவார். திரும்பி வரும்போது முகம் தொங்கியிருக்கும். "இன்னும் ஒண்ணு கொறையுது ஷீபா" என்பார். என்ன குறைகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அந்த ஸ்பிரிங்கை எடுத்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்குக் காற்றும் எண்ணெயும் போகிற கார்புரேட்டர் வாயில் ஒரு சின்னக் கை இருக்கிறது. அதைத் திறந்தால் வேகம், மூடினால் நிதானம், முழுசாக மூடினால் பிரேக்கும் பிடிக்கும். ரிமோட்டை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டி மோட்டார் அந்தக் கையைத் தள்ளும். விட்டால் அதே மோட்டார் திரும்ப இழுக்கும், கூடவே ஒரு ஸ்பிரிங்கும் இழுக்கும். முடி மாதிரி மெல்லிய ஸ்பிரிங். ஜான் அதைக் கழற்றித் தரையில் போட்டார்.

"அதை ஏன் எடுக்கற?"

"இது சும்மா இழுத்துக்கினு கீது. மோட்டாருக்கு வீண் லோடு."

"கம்பெனிக்காரன் வேலை இல்லாமயா வெச்சிருப்பான்?"

"நீ ஜாக்கெட்டைப் பாரு. நம்ம அறுப்பு மிஷின்ல கை ஆக்சிலேட்டரு எப்டி? வெச்சா வெச்ச எடத்துல நிக்கும். அதான் வண்டி. கையை விட்டா திரும்பறதெல்லாம் ஒரு ஆக்சிலேட்டரா?"

டிராக்டரும் அறுப்பு மிஷினும் ஓட்டுகிறவர்களுக்கு அது கை வந்த பழக்கம். கைப்பிடியை ஒரு அளவில் வைத்துவிட்டால் கழனி முடிகிறவரை அது அங்கேயே நிற்கும். அப்படி நிற்காவிட்டால்தான் ரிப்பேர் என்று எடுத்துப் போவார்கள். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஸ்பிரிங்கைப் பெருக்கித் தள்ளிவிட்டேன்.

இதற்கு நடுவில் குவைத் பேச்சு வந்தது. செங்கல்பட்டில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கலைச்செல்வன், முன்பு இவரோடு மிஷின் ஓட்டியவர். டிரைவர் விசா இருக்கிறது, சரியென்று ஒரு வார்த்தை சொல் என்று போன் மேல் போன்.

"இங்க வண்டி இல்லாத மாசத்துல எனுக்குக் கை அரிக்குது ஷீபா" என்றார் ஜான். "அங்க வருசம் பூராவும் வண்டி கீது."

"நான் இல்லியே அங்க."

அவர் எழுந்து போய்க் குழாயடியில் சொட்டிக்கொண்டிருந்த பைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.  இவரைத் திட்டாமல் எனக்கு ஒரு பொழுதும் போனதில்லை, உண்மைதான். அதற்காக இவர் இல்லாத வீட்டில் நான் யாரைத் திட்டுவது? இவர் போகக்கூடாது என்று நினைத்தேன். போனில் முகம் பார்த்துக் குடும்பம் நடத்துகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

அப்போதுதான் பூஜா வந்தாள். தாம்பரத்தில் இந்த மாதிரி ரிமோட் வண்டிகளுக்கென்று ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெண். வைகாசியில் ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கூட்டாளிகளோடு வந்து வண்டிகளை ஓட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டால் இவர் சும்மா இருப்பாரா? கொசு வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். டயருக்குள் மெத்தைப் பஞ்சு என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். கடைசியில், "அண்ணா, என்கிட்ட ஃபிட்டர் இல்லாம வேலை நிக்குது. வர ஞாயித்துக்கிழமை உங்க வண்டியை முழுசா ஓட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா வேலைக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

தாம்பரம்! காலையில் பஸ் ஏறினால் ராத்திரி சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். வருஷம் முழுவதும் கையில் வண்டி. அதுவரை அந்த வண்டியை எடைக்குப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், அந்த வாரம் முழுக்க அதன் பக்கத்திலேயே இருந்தேன். டயரைத் துடைத்தேன். குழம்புக் கிண்ணத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். ஜான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உனுக்கு இன்னா ஆச்சு?"

"மூடிக்கினு ஸ்க்ரூவை முறுக்கு" என்றேன்.

ஞாயிறு வந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ஆராதனைக்கு மட்டம். ஏரி மதகுப் பக்கத்தில் பூஜாவும் அவள் கூட்டாளிகளும் நின்றார்கள். எங்கள் தெருவும் பாதி அங்கேதான். ஜான் கயிற்றைச் சுண்டினார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அழுத்தினார். ஐயோ, என்ன வேகம்! வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி, பின்னால் தூசி கிளப்பிக்கொண்டு கொசு வண்டி பறந்தது. கல் மேட்டில் ஏறி அந்தரத்தில் போய் நாலு காலில் இறங்கியது. பூஜா விசில் அடித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

இரண்டாவது மேட்டில் குதித்து இறங்கிய பிறகு வண்டி திரும்பவில்லை. ஜான் ரிமோட்டை முறுக்குகிறார், அழுத்துகிறார், விடுகிறார். வண்டி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முழு வேகத்தில் நேராகப் போகிறது. அந்தப் பக்கம் எங்கள் தெருப் பெரியவர் இருசப்பன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"இருசப்பண்ணே! நவுரு! நவுரு!" என்று கத்திக்கொண்டே இவர் ஓடினார்.

ஆடுகள் சிதறின. இருசப்பன் கோலை வீசிவிட்டுக் கருவேல மரத்தில் ஏறப் பார்த்தார், இந்த வயதில். ஒரு குட்டியின் காலில் வண்டி உரசிக்கொண்டு போய்க் கல்லில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்தும் நிற்கவில்லை. மல்லாந்து கிடந்து நாலு டயரும் சுற்ற, அலறிக்கொண்டே இருந்தது. ஜான் ஓடிப்போய்ப் புகைக் குழாயின் வாயைக் கையாலேயே அடைத்து அதை நிறுத்தினார். விரலெல்லாம் கொப்பளித்துவிட்டது.

"டேய் ஜானு, உன் கொசுவைக் கொண்டுபோய்க் கொளுத்துடா! ஆட்டுக்குட்டி காலு போயிருந்தா இன்னாடா பண்ணுவ?" என்று இருசப்பன் கத்தினார். குட்டிக்குத் தோல்தான் உரிந்திருந்தது. அவர் கத்தியது நியாயம்.

பூஜா வண்டியின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். குதித்த குதியில் பேட்டரியின் பிளக் கழன்று வந்திருந்தது. பேட்டரி போனால் ரிமோட் சொல்வது எதுவும் வண்டிக்குக் கேட்காது. கார்புரேட்டரின் கை திறந்தது திறந்தபடியே நின்றிருக்கிறது.

"ரிட்டர்ன் ஸ்பிரிங் எங்கண்ணா?"

"எடுத்துட்டேன் மேடம். வீண் லோடுன்னு..."

"பேட்டரி போனா எஞ்சினை மூடறதே அதுதாண்ணா." அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. "வண்டி சூப்பர். ஆனா கஸ்டமர் வண்டி ஒண்ணு இப்படிப் போய் ஒரு குழந்தை மேல மோதினா, நான் என்ன சொல்லுவேன்? மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜான் விரலில் மஞ்சளை அப்பிக்கொண்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வெயில் இறங்குகிறவரை நடந்தார். அப்புறம் போனை எடுத்தார்.

"கலைச்செல்வனுக்கு சரின்னு சொல்லிடறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "போ! போய்யா! ஒரு முடி அளவு ஸ்பிரிங்கு, அதை வெக்கத் தெரியல, உனுக்குக் குவைத்து கேக்குது! அங்க போய் எவன் வண்டியைப் பிரிச்சு எதைத் தூக்கிப் போடுவியோ! இங்க ஒருத்தி கீறாளே, அவ எப்டி இருப்பான்னு ஒரு நாளாச்சும் நெனைச்சியா? நீ போனா நான் செத்துடுவேன்யா!"

கையில் கிடைத்ததை எறிவது என் வழக்கம். கையில் எதுவும் இல்லை. கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டைப் பிடுங்கி, "இந்தா, இதைக் கட்டு உன் கொசுவுக்கு!" என்று அவர் மூஞ்சியில் எறிந்தேன்.

அது அவர் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. ஜான் போனைக் கீழே வைத்தார். ரப்பர் பேண்டை எடுத்தார். இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, அதன் ஒரு முனையைக் கார்புரேட்டர் கையிலும் மறு முனையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டிலும் மாட்டினார். வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி எஞ்சினைக் கிளப்பினார். முழுசாக அழுத்தி, டயர் சுற்றச் சுற்றப் பேட்டரி பிளக்கைப் பிடுங்கினார். படக்கென்று கை மூடிக்கொண்டது. பிரேக் பிடித்து டயர்கள் நின்றன. எஞ்சின் தாழ்ந்த குரலில் பொருமிக்கொண்டிருந்தது.

அழுத மூஞ்சியோடு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடி தோளெல்லாம் பரந்து கிடந்தது.

"நிக்குது ஷீபா" என்றார் மெதுவாக. அப்புறம், "ஆனா அந்தம்மா இனிமே நம்ப மாட்டாங்க. செங்கல் மேல நிக்கறது வேற, ஓடறப்போ நிக்கறது வேற."

"ஓடறப்பவே பிளக்கைப் புடுங்கு."

"எப்டிப் புடுங்கறது? கூடவே ஓடியா?"

என் தையல் மிஷின் மேல் நூல் கண்டு இருந்தது. அதை எடுத்து அவர் மடியில் போட்டேன். பிளக்கில் ஒரு முனை, மதகுக் கல்லில் ஒரு முனை. நூல் தீர்கிற இடத்தில் பிளக் கழன்றுவிடும். ஜான் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவர் என்னை அப்படிப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. கலைச்செல்வனிடம் அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று தவணை வாங்கினார். பூஜாவுக்கு நானே போன் போட்டேன். ஒரே ஒரு தடவை வாம்மா, அப்புறம் உன் இஷ்டம் என்றேன். அவள் சரிக்கா என்றாள்.

மறு ஞாயிறு பூஜா மட்டும் வந்தாள். இருசப்பன் ஆடுகளையெல்லாம் கரைமேல் ஏற்றிவிட்டுக் கோலோடு நின்றார். நூலை நான்தான் அளந்தேன். துணி அளக்கிற அதே கையால், ஒற்றை இழையாக, சிக்கு விழாமல் மடித்து மடித்துத் தரையில் போட்டேன். நூல்தான் வண்டியை நிறுத்தியது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது; பிளக் வந்ததும் அறுந்துவிடுகிற சாதாரண நூலாகவே எடுத்திருந்தேன். அளந்து முடித்து, நூல் தீர்கிற இடத்துக்கும் அப்பால் நடந்து போய், மதகைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"ஏய், நவுருடி அங்கேர்ந்து!" ஜான் கத்தினார்.

"ஓட்டு."

"அக்கா, வேணாம்க்கா! கால் எலும்பு போயிடும்!" என்றாள் பூஜா.

"ஜானு, அந்தப் பொண்ணுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு, நிறுத்துடா" என்றார் இருசப்பன்.

"நூலை அளந்தது நானு. பேண்டு கட்டுனது நீ. இதுல இன்னா பயம்? உன் வேலை மேல உனுக்கே நம்பிக்கை இல்லன்னா அந்தம்மாவுக்கு எப்டி வரும்? ஓட்டுய்யா!"

சத்தமாகத்தான் சொன்னேன்.  ஒதுங்கினால் குவைத் என்று மட்டும் தெரிந்தது. ஜான் ரிமோட்டைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். ஜெபத்தில்கூட மூடாத கண்ணை ஒரு நிமிஷம் மூடினார். பிறகு அழுத்தினார்.

கொசுச் சத்தம் என்னை நோக்கி வந்தது. முன்னால் இரண்டு டயர், பின்னால் ஒரே தூசி. பெரிதாகிக்கொண்டே வந்தது. நூல் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளிப் பிரிந்தன. கர்த்தாவே என்று சொன்னது மட்டும் ஞாபகம். சத்தம் சட்டென்று விழுந்தது. டயர்கள் பூட்டிக்கொண்டு வண்டி தூசியில் சறுக்கிக்கொண்டே வந்தது. தூசி அடங்கியபோது அது என் செருப்புக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நின்று, பொருமிக்கொண்டிருந்தது. அறுந்த நூல் அதன் பின்னால் வால் மாதிரி கிடந்தது.

பூஜா ஓடிவந்து மூடியைத் திறந்தாள். பிளக்கைப் பார்த்தாள். என் ரப்பர் பேண்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணும் சரியாக இல்லை.

"செவ்வாக்கிழமை வந்துடச் சொல்லுங்கக்கா" என்றாள். "வர்ற வண்டி எல்லாத்துக்கும் முதல்ல இதைப் போட்டுட்டுத்தான் மத்த வேலைன்னும் சொல்லுங்க."

நான் ஜானைத் தேடினேன். அவர் மதகடியில் இல்லை. பாதி தூரம் ஓடிவந்திருக்கிறார். அங்கேயே, ஏரி நடுவில், வெடித்த மண்ணில் உட்கார்ந்திருந்தார். ரிமோட் ஒரு பக்கம் கிடந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வண்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் காலைத்தான் தடவிப் பார்த்தார், இந்தக் கால், அந்தக் கால்.

"எழுந்திரு, வெயிலு" என்றேன்.

"கொஞ்ச நேரம் இரு ஷீபா. முடியல."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. குனிந்து நானே எடுத்தேன். கலைச்செல்வன்தான். என்னம்மா, ஜான் என்ன சொல்றான், வர்றானா இல்லையா என்றார்.

"அவரு வரலண்ணே" என்றேன். "இங்க குந்திக்கினு கீறாரு."